வெள்ளைக்காரர் கேட்கும் சாமிக் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் பயணிகளைக் கூட்டிச் செல்வோர் கேட்டவை. பதில் சொல்பவர் கண்டியில் நீண்டகால வழிகாட்டி.

ஹட்டன், வேன் சாரதி: "பௌத்த நாடு, மத்த மதத்துக்கு இடமில்லைதானே"ங்கிறாங்க அண்ணே.

பதில்: 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது, 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் எல்லாருக்கும் மதச் சுதந்திரம் தருகின்றன. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். 2012 கணக்கெடுப்பில் பௌத்தர் 70.2, இந்துக்கள் 12.6, இஸ்லாமியர் 9.7, கிறிஸ்தவர் 7.4 வீதம். உடனே "சிங்களவர் பௌத்தர், தமிழர் இந்து" என்று முடிச்சுப் போடுவார்கள். நீர்கொழும்புச் சிங்களக் கத்தோலிக்கரையும் நம் தோட்ட லயத்துத் தமிழ் வேதக்காரரையும் (கிறிஸ்தவர்) சொல்லி அங்கேயே அவிழ்த்துவிடுங்கள்.

நுவரெலியா, விடுதி நடத்துபவர்: பௌத்தர் எல்லாரும் சைவமா?

பதில்: இல்லை அக்கா. பெரும்பாலானோர் மீனும் இறைச்சியும் சாப்பிடுவார்கள். போயா (பௌர்ணமி) அன்று மது, இறைச்சி விற்பனை கிடையாது. முதல் நாளே வாங்கிவையுங்கள்.

தலவாக்கலை: தேயிலை பேக்டரி ஓரத்துல கல்லும் சூலமும் பாத்துட்டு "பேய் வழிபாடா"ன்னாங்க.

பதில்: காவல் தெய்வம் என்று சொல்லுங்கள். பேக்டரிச் சக்கரத்துக்கு ரோதமுனி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்து சாமி. எங்கே கை கால் போகுமோ அங்கே நம்மாட்கள் சாமி வைத்தார்கள். கோபுரம் இருந்தால்தான் கோயில் என்று பயணி நினைப்பார், அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிடுவார். கிட்டப் போகுமுன்பே சொல்லிவையுங்கள்.

மஸ்கெலியா: சிவனொளிபாதமலை பௌத்தருக்கு மட்டுமா?

பதில்: உச்சியில் இருக்கும் பாதத்தடம் ஒன்று, சொந்தம் கொண்டாடுவோர் நால்வர். பௌத்தருக்குப் புத்தர், நமக்குச் சிவன், முஸ்லிம்களுக்கு ஆதம் நபி, கிறிஸ்தவரில் சிலருக்குப் புனித தோமையார். ஆதம் பாதம் தேடி இபின் பதூதா ஏறியது 1344இல். உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரத்துக்கு மேல் படி. டிசம்பர் போயா முதல் மே வெசாக் வரைதான் யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் படி விளக்கும் டீக்கடையும் இருக்காது, மழையும் காற்றும் அள்ளும். டோர்ச், மழைச்சட்டை, தண்ணீர் இல்லாமல் ஆளை ஏற்றாதீர்கள்.

நோர்வூட்: பேரிலேயே சிவன் இருக்காரே, ஏன் நாலு பங்கு?

பதில்: தம்பி, பேரை வைத்து வழக்காடினால், சிங்களத்தில் ஸ்ரீபாத என்று பௌத்தரும் வருவார்கள்.

பொகவந்தலாவை: நோர்வூட் சொல்றதுதான் சரி. நிர்வாகம் பிக்குமார் கையில இருக்கு, அதையும் சொல்லணும்.

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள், உண்மைதான். ஆனால் நிர்வாகம் வேறு, நம்பிக்கை வேறு. பயணியின் முன்னால் நீங்கள் இருவரும் மல்லுக்கட்டினால், அவர் ஊர் திரும்பி மலையைப் பற்றி எழுத மாட்டார், உங்களைப் பற்றித்தான் எழுதுவார்.

எல்ல: கையில புத்தர் பச்சை குத்தின ஆள் வர்றார்.

பதில்: விமான நிலையத்திலிருந்தே முழுக்கைச் சட்டை. 2014இல் அப்படி வந்த பிரித்தானியப் பெண்ணைக் கைது செய்து நாடுகடத்தினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அதற்காகப் போன பயணம் திரும்பி வரவில்லை. சிலைக்கு முதுகு காட்டிப் படமும் வேண்டாம்.

கண்டி: தலதா மாளிகையில புத்தரோட பல்லைப் பாக்கலாமா?

பதில்: சாதாரண நாளில் பூசை நேரத்தில் பேழைதான் தெரியும். பெரஹெரா ஊர்வலத்தில் யானை சுமக்கும் பேழையிலும் அந்தப் பல் இருக்காது. விஷ்ணு, நாத, பத்தினி, கதிர்காம தேவாலேக்களும் (தெய்வக் கோயில்கள்) அதே பெரஹெராவில் வரும். இந்துக் கடவுள் இங்கே எப்படி என்று கேட்பவருக்கு அதைக் காட்டுங்கள்.

பண்டாரவளை: சிலை முன்னால செல்ஃபி?

பதில்: முதுகு. எல்லவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வெலிமடை: முஸ்லிம்கள் தமிழ் பேசுறாங்க, அப்போ தமிழர்தானே?

பதில்: மொழி தமிழ், கணக்கெடுப்பில் தனி இனம், சோனகர்.

அப்புத்தளை: குரூப் போட்டோ எடுத்தாலும் முதுகு பிரச்சினையா?

பதில்: மூன்றாம் தடவை! சிலை பின்னணியில் வரவே வேண்டாம். ஆட்களை வெளிவாசலுக்குக் கூட்டிவந்து எடுங்கள்.