ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டில் குடியேறுகிறீர்களா? எதைக் கொண்டுபோவது, எதை அங்கே வாங்குவது?

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டில் குடியேறப் போகிறோம். முப்பது வருடம் சேர்த்த வீட்டுச் சாமான் இருக்கிறது. கப்பலில் அனுப்பும் ஏஜென்ட், "இருபது அடி கன்டெய்னரை முழுசா எடுத்துக்குங்க, பாதி காலியா போனாலும் வாடகை ஒண்ணுதான்" என்கிறார். எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமா?

பதில்: ஏஜென்ட் சொல்வதில் தப்பில்லை. முழு கன்டெய்னருக்கு ஒரே வாடகைதான், உள்ளே சுமார் 33 கன மீட்டர் இடமும் இருக்கும். ஆனால் இடம் இருக்கிறதே என்று நீங்கள் ஏற்றுகிற ஒவ்வொன்றையும் அந்தப் பக்கம் இறக்கிப் பிரித்து, மாடியேற்றி, இடம் தேடி வைக்க வேண்டும். அந்த வேலையை எந்த வாடகையிலும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

இது ரொம்பப் பேர் கேட்கிற கேள்வி. நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: உடம்புக்கு அளவெடுத்தது கூட வரட்டும், வீட்டுக்கு அளவெடுத்ததை விட்டுவிட்டுப் போங்கள். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பாதத்துக்கென்று செய்து வாங்கிய செருப்பு, கழுத்துக்குப் பழகிய தலையணை எல்லாம் முதல் வகை. கட்டில், மெத்தை, சோபா, திரைச்சீலை, ஃபிரிட்ஜ் இரண்டாம் வகை. கட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் குயின் மெத்தை 152க்கு 203 சென்டிமீட்டர். ஐரோப்பாவில் அதற்குப் பக்கத்தில் வருவது 160க்கு 200. பிரிட்டனில் கிங் என்பதே 150க்கு 200தான். கட்டில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் அதற்கு ஒரு விரிப்பு வாங்க ஆண்டுக்கணக்கில் அலைவீர்கள்.

என் அக்காவும் அத்தானும் மூன்று பேர் உட்காரும் சோபாவை ஆசையாகக் கொண்டுபோனார்கள். லிஃப்டுக்குள் அது நுழையவில்லை. நாலு பேர் படிக்கட்டு வழியாகத் தூக்கினார்கள். முதல் திருப்பத்தில் ஒரு முனை சுவரிலும் மறு முனை கைப்பிடிக் கம்பியிலும் இடித்து நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் அத்தான் ரம்பம் வாங்கிவந்து, தன் கையாலேயே அதன் கால்கள் இரண்டை அறுத்தார். அப்போது அவருக்கு வயது 67. அதனால், அங்கே குடியிருக்கப்போகும் வீட்டின் கதவு, லிஃப்டு, படிக்கட்டுத் திருப்பம் மூன்றையும் யாரையாவது டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். அளவு கைக்கு வரும்வரை பெரிய சாமான் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

முடிந்தால் முதலில் சாமான்களோடு வரும் வாடகை வீட்டில் சில மாதம் இருந்து பாருங்கள். அந்த ஊர் பிடிக்காமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு. அதற்குள் கன்டெய்னர் போய்விட்டால் இரண்டு தடவை கப்பல் கூலி. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குடிபெயர்கிறவரின் பழைய சாமானுக்குப் பல நாடுகள் சுங்க வரியைத் தள்ளுபடி செய்கின்றன, ஆனால் கெடு வைத்துத்தான் செய்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொண்டால், குறைந்தது 12 மாதம் வெளியே வசித்தவராக நீங்கள் இருக்க வேண்டும். சாமான் 6 மாதமாவது உங்களிடம் இருந்து, புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். குடியேறிய 12 மாதத்துக்குள் அது வந்து சேர வேண்டும். வந்த பிறகு 12 மாதம் விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. ஆகவே போகப்போகும் நாட்டின் சுங்கத் துறை என்ன கெடு வைத்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி காத்திருங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் "அங்கே விலை அதிகமாமே" என்று புதுச் சாமான் வாங்கி ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். இப்படிப்பட்ட விதி உள்ள இடத்தில் அந்தப் புதுச் சாமானுக்குத்தான் வரி விழும்.

கேள்வி: மிக்சி, வாஷிங் மெஷின், டிவி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. பிளக் மாற்றி (அடாப்டர்) வாங்கிக்கொண்டால் போதாதா?

பதில்: பிளக் மாற்றி பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், மின்சாரத்தை மாற்றாது. ஒவ்வொரு சாதனத்தையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் அது உலகத்தில் எங்கேயும் ஓடும். லேப்டாப், மொபைல் சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான். தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்குப் போடும் சிபாப் கருவியிலும் இந்த லேபிளே அனேகமாக இருக்கும்.

ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 230 வோல்ட் இஸ்திரிப் பெட்டியை அதில் பாதி வோல்ட்டில் சொருகினால் பாதிச் சூடு வரும் என்று நினைப்போம். வருவது நாலில் ஒரு பங்குதான். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். 120 வோல்ட் பெட்டியை 230இல் சொருகினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு சூடேறி எரிந்தே போகும்.

டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அது வோல்ட்டை மாற்றும். ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பதை, மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் பழைய சுவர்க் கடிகாரத்தை 50 ஹெர்ட்ஸ் நாட்டில் மாட்டினால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார் சாமான்கள் பலவற்றிலும் இதே கோளாறு வரும், கூடவே மோட்டார் சூடாகும். ஜப்பானில் நாடு முழுக்க 100 வோல்ட் என்றாலும் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. பிலிப்பைன்ஸில் 220 வோல்ட், ஆனால் 60 ஹெர்ட்ஸ். வோல்ட் ஒத்துப்போகிறது என்று மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தவிர, இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் மாதிரி சூடு தரும் சாமானை இழுக்கிற டிரான்ஸ்பார்மர் கிலோக்கணக்கில் கனக்கும். அதைக் குனிந்து நகர்த்துகிற வயதா நமக்கு?

மோட்டார் உள்ளது, சூடு தருவது இரண்டையும் அங்கே வாங்குங்கள். ரிப்பேர் ஆட்களும் உதிரி பாகமும் அங்கே கிடைப்பவற்றுக்குத்தான் இருப்பார்கள், வாரன்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். டிவியில் இன்டர்நெட் வழியாகப் படம் பார்ப்பீர்கள் என்றால் லேபிளைப் பார்த்துவிட்டுக் கொண்டுபோகலாம். ஆன்டெனா வழியாக வரும் ஒளிபரப்பு முறை நாட்டுக்கு நாடு வேறு.

கேள்வி: எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஒரு வருடத்துக்கான மாத்திரையையும் குளுக்கோமீட்டரையும் கொண்டுபோய்விடலாமா?

பதில்: மாத்திரை கைப்பையில், அதன் சொந்த அட்டையிலேயே வரட்டும். டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். எத்தனை நாளைக்கு அனுமதி என்பதை ஒவ்வொரு நாடும் தனியாக வைத்திருக்கிறது. வலி மருந்து, தூக்க மருந்து இருந்தால் அந்த நாட்டுத் தூதரகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து இன்னொரு நாட்டில் போதைப்பொருள் சட்டத்தில் வந்துவிடும்.

மருந்துச் சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மூலப் பெயருக்கே சில இடங்களில் இரண்டு பெயர் உண்டு. பாரசிட்டமாலை அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்பார்கள், ஆஸ்துமாவுக்கான சால்புட்டமாலை ஆல்பியூட்டரால் என்பார்கள்.

குளுக்கோமீட்டரை மட்டும் அங்கே வாங்குங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். மீட்டர் ஒரு தடவை வாங்குவது, ஸ்ட்ரிப் காலம் முழுக்க வாங்குவது. உங்கள் மீட்டருக்கான ஸ்ட்ரிப் அங்கே கிடைக்காவிட்டால் மீட்டர் வெறும் பொம்மைதான். இன்னொன்று, அளக்கும் அலகே மாறும். இந்தியா, அமெரிக்கா, ஜப்பானில் மில்லிகிராம் கணக்கு. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் மில்லிமோல் கணக்கு. இங்கே 126 என்பது அங்கே 7. அந்த 7ஐப் பார்த்து, சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று பயந்து இனிப்பை வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் பழைய கணக்கு வந்துவிடும். ஒரு சீட்டில் நாலைந்து எண்களை எழுதி மீட்டர் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

காது கருவிக்குப் போடும் வில்லை பேட்டரிக்கு இந்தக் கவலை இல்லை. 10, 312, 13, 675 என்ற எண்களும் மஞ்சள், பழுப்பு, ஆரஞ்சு, நீலம் என்ற நிறங்களும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கருவியைச் சரிசெய்யும் மென்பொருள் அங்குள்ள மையங்களில் இருக்குமா என்று மட்டும் விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: புத்தகம் நாலு அலமாரி இருக்கிறது. கனம் என்பதால் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

பதில்: விடாதீர்கள். விமானத்தில்தான் கனம் பெரிய விஷயம். கப்பலில் பகிர்வு கன்டெய்னரில் அனுப்பும்போது வழக்கமாக ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், இதில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஒரு கன மீட்டர் பெட்டிகளில் புத்தகம் அடுக்கினால் டன்னைத் தொடாது. ஆக, தலையணை நிரப்பிய பெட்டிக்கும் புத்தகம் நிரப்பிய பெட்டிக்கும் கூலி ஒன்றே. சின்னப் பெட்டிகளாகக் கட்டுங்கள், தூக்குகிறவர் முதுகும் முக்கியம்.

காப்பீடு கட்டாயம் எடுங்கள். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பல காப்பீடுகள் பணம் தராது, அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கப்பலைக் காப்பாற்ற ஆகும் செலவைச் சரக்கு அனுப்பிய எல்லோரும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று பழைய கடல் வழக்கம் ஒன்று உண்டு. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலில் அதுதான் நடந்தது. ஒரு வாரத்துக்குள் கப்பலை மிதக்க வைத்துவிட்டார்கள். ஆனால் இழப்பீட்டுத் தகராறில் எகிப்து அதைப் பிடித்து வைத்ததால், அங்கிருந்து ஜூலையில்தான் கிளம்ப முடிந்தது. அதன் பிறகும் சரக்குக்காரர்கள் உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பங்கையும் உங்கள் காப்பீடு ஏற்குமா என்று பாருங்கள்.

கேள்வி: கார்?

பதில்: வேண்டாம். ஸ்டியரிங் எந்தப் பக்கம், புகைச் சோதனை, பதிவு, இறக்குமதி வரி என்று ஒவ்வொன்றும் இழுக்கும். விற்றுவிட்டு அங்கே வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவை எங்களோடு அழைத்துப்போகிறோம். அவருடைய கால் மிதி தையல் மெஷினை விட்டு வரமாட்டேன் என்கிறார். அங்கே புது மெஷின் வாங்கித் தருகிறோம் என்றாலும் கேட்கவில்லை.

பதில்: அம்மா சொல்வதுதான் சரி. மிதி மெஷினுக்கு வோல்ட்டும் இல்லை, ஹெர்ட்ஸும் இல்லை. வீட்டுத் தையல் மெஷின்கள் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வகை ஊசிதான், அது எங்கேயும் கிடைக்கும். கனமெல்லாம் இரும்பு ஸ்டாண்டில்தான். பெல்ட்டைக் கழற்றி, தலையைப் பின்னால் சாய்த்தால் கீலில் இரண்டு திருகு தெரியும். அவற்றைத் தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும். எண்ணெயைத் துடைத்து, பாபினையும் ஊசியையும் எடுத்துத் தனிப் பையில் போட்டு, தலையைப் போர்வையில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ஸ்டாண்டின் மரப்பலகையில் பூச்சி அரித்திருக்கிறதா பாருங்கள், அரித்திருந்தால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பெட்டியைக் கட்டுவதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டு, எந்தத் திருகு எங்கே போகும் என்று அவரையே ஒரு முறை காட்டச் சொல்லி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.