பெண்கள் தினத்துக்கு காலேஜ்ல பேசணும், சயின்ஸ்ல சாதிச்ச பெண்கள்ல யாரைப் பத்தி பேசலாம்?

வானிலை விஞ்ஞானி அன்னா மணி பத்தி பேசுங்க. கல்பனா சாவ்லா, மேரி க்யூரி பத்தி எப்படியும் வேற யாராவது பேசிடுவாங்க. அவங்க ரெண்டு பேரும் பெரிய ஆளுங்கதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நம்ம சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச ஒருத்தங்க இந்த நாட்டோட வெயிலையும் காத்தையும் ஒழுங்கா அளக்கறதுக்கு வழி பண்ணிட்டுப் போயிருக்காங்க, அவங்க பேரு நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்கு தெரியவே இல்ல, அதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

நான் சோலார் பிளான்ட்ல மெயின்டனன்ஸ் வேலை பாக்கறேன், ராமநாதபுரம் பக்கம். எங்ககிட்ட பைரனோமீட்டர்னு ஒரு கருவி இருக்கு, உள்ளங்கை அளவுதான் இருக்கும், மேல கண்ணாடி குமிழ், அதுக்குள்ள கருப்பு பூசின சின்ன வட்டம். வெயில் பட்டு அந்த வட்டம் சூடாகறதை வச்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் விழுதுன்னு சொல்லும். வெயில் ஏர்றதுக்கு முன்னாடி டிஸ்டில்டு வாட்டர் தொட்டு மெத்துனு துணியால குமிழை துடைக்கணும், லெவல் சரியா இருக்கான்னு பாக்கணும், உள்ள ஈரத்தை உறிஞ்சறதுக்கு இருக்கற சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தா புதுசு போடணும். இதை விட்டுட்டா என்னாகும்னா, தூசி படிஞ்சு ரீடிங் குறையும், வெயிலே கம்மினு கருவி சொல்லும், அப்ப பிளான்ட் அந்த கம்மி வெயில்லயும் பிரமாதமா ஓடற மாதிரி கணக்கு வரும், பேனல் சொதப்பறது யாருக்கும் தெரியாது. தப்பா அளக்கறதுக்கு அளக்காமலே இருக்கலாம்னு அன்னா மணி தன் கூட வேலை செஞ்சவங்ககிட்ட கண்டிப்பா சொல்வாங்களாம். எங்க வேலைல இருக்கறவங்களுக்கு அது எவ்வளவு நிஜம்னு நல்லாவே புரியும்.

அன்னா மணி 1918ல கேரளாவுல பீர்மேடுல பிறந்தவங்க, ஏலக்காய் எஸ்டேட் வச்சிருந்த வசதியான குடும்பம். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத் தோடு குடுத்தப்போ அது வேணாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வாங்கித் தாங்கன்னு கேட்டாங்களாம். 1939ல பிரசிடென்சில ஆனர்ஸ் முடிச்சு, அடுத்த வருஷம் ஸ்காலர்ஷிப்ல பெங்களூர் ஐஐஎஸ்சில, அதாவது இந்திய அறிவியல் நிறுவனத்துல, சி.வி. ராமன் லேபுக்கு போனாங்க. அங்க வைரம், மாணிக்கக் கல் ரெண்டும் எப்படி ஒளிருதுன்னு ஆராய்ச்சி. அந்த ஒளி ரொம்ப மங்கல், ஃபோட்டோ பிளேட்ல பதியறதுக்கே பதினஞ்சு இருபது மணி நேரம் ஆகும், அதனால ராத்திரி பூரா லேப்லயே இருக்க வேண்டியதாயிருக்கும். 1942லேர்ந்து 1945க்குள்ள தனி ஆளா தன் பேர்ல அஞ்சு ஆராய்ச்சிப் பேப்பர் போட்டாங்க.

அப்புறம் தீஸிஸ் எழுதி மெட்ராஸ் யுனிவர்சிட்டில குடுத்தாங்க, ஏன்னா அப்ப ஐஐஎஸ்சில செஞ்ச வேலைக்கு டிகிரி அங்கிருந்துதான் வரணும். எம்எஸ்சி இல்ல, அதனால பிஹெச்டி கிடையாதுன்னுட்டாங்க. அஞ்சு பேப்பரையும் தாண்டி ஒரு விதி! இதைப் படிச்சப்போ எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்ல. அவங்க அதைப் பிடிச்சுக்கிட்டு உக்காரல, 1945லயே கவர்மென்ட் ஸ்காலர்ஷிப்ல லண்டன் இம்பீரியல் காலேஜ் போய் வானிலைக் கருவிகள் பத்தி கத்துக்கிட்டாங்க. 1948ல திரும்பி வந்து புனேல வானிலைத் துறைல சேர்ந்தாங்க.

உங்க பேச்சுல இந்த இடத்துல கொஞ்சம் நின்னு சொல்லுங்க, ஏன்னா நிஜமான சாதனை இங்கதான் இருக்கு. அப்ப சுதந்திரம் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, வானிலைக் கருவி எல்லாம் வெளிநாட்டுலேர்ந்துதான் வந்துட்டிருந்தது. அவங்க கிட்டத்தட்ட நூறு கருவிகளுக்கு டிராயிங்கை தரப்படுத்தி இங்கயே தயாரிக்க வச்சாங்க. 1957-58ல பல நாடுகள் சேர்ந்து பூமியை ஆராய்ஞ்ச சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு வந்தப்போ நாடு முழுக்க சூரியக் கதிர்வீச்சை அளக்கற நிலையங்களை அமைச்சாங்க, அப்புறம் பலூன்ல கட்டி மேல அனுப்பி ஓசோன் அளக்கற கருவியையும் நம்ம நாட்டுலயே செஞ்சாங்க. துணை டைரக்டர் ஜெனரலா 1976ல ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமும் ஓயல, 1980லயும் 81லயும் இந்தியாவோட சூரிய சக்தி தரவுகளை ரெண்டு பெரிய புத்தகமா போட்டாங்க, அதுக்கப்புறம் காத்தாலை வைக்க எந்த இடத்துல எவ்வளவு காத்து அடிக்குதுன்னு அளக்கற வேலையையும் முன்ன நின்னு நடத்தினாங்க. அவங்க இதையெல்லாம் ஆரம்பிச்ச காலத்துல சோலார் பிளான்ட்டுனு ஒண்ணு நாட்டுலயே கிடையாது!

இன்னொரு விஷயம், பேச்சுல 'முதல் பெண்' 'முதல் பெண்'ன்னு அடுக்காதீங்க. நான் படிச்ச காலேஜ்ல பெண்கள் தினம்னா ரோஜாப்பூ, கோலப்போட்டி, அப்புறம் ஒரு பெரிய லிஸ்ட், அவ்வளவுதான். அவங்க என்ன செஞ்சாங்கன்னு யாரும் சொன்னதில்ல. தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள்னா கோயம்புத்தூர்ல கரும்பு இனக்கலப்பு ஆராய்ச்சி செஞ்சவங்கன்னு சொல்லுங்க, அப்பதான் அது மனசுல நிக்கும்.

நேரம் மிச்சம் இருந்தா யுனிவர்சிட்டி விதிகள் பத்தியும் ரெண்டு வரி சேருங்க. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2016ல கொண்டு வந்து 2022 விதிலயும் தொடர்றபடி பிஹெச்டி பண்ற பெண்களுக்கு 240 நாள் வரைக்கும் பிரசவ லீவ் உண்டு, முடிக்கறதுக்கு ரெண்டு வருஷம் கூடுதல் டைமும் உண்டு. இதுவும் கொண்டாட வேண்டிய விஷயம்தான். உங்க காலேஜ்ல ரிசர்ச் பண்ற அக்காங்க யாருக்காவது இது தெரியாம இருக்கலாம், மைக் கைல இருக்கும்போதே சொல்லிடுங்க.