திக்காத இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் போகிறபோக்கில் 'விடுதியில் கோர்ன் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். எனக்கு இருபது வயது. கோர்ன் என்ற அமெரிக்க இசைக்குழுவின் எல்லாத் தொகுப்புகளையும் கேட்டுவிட்டு, சிறந்த பாடல்களுக்கு ஒரு வரிசை போட்டிருக்கிறேன். ஃப்ரீக் ஆன் எ லீஷ், ப்ளைண்ட், ஃபாலிங் அவே ஃப்ரம் மீ, ஹியர் டு ஸ்டே, காட் த லைஃப், க்ளௌன், மேக் மீ பேட், தாட்லெஸ். 2005-இல் கிட்டார் கலைஞர் ஹெட் விலகிய பிறகு வந்த எதையும் சேர்க்கவில்லை. அதற்குப் பின் பழைய பெயரை வைத்து ஓட்டுகிறார்கள் என்பது என் கருத்து. 'டாடி'யையும் சேர்க்கவில்லை. ஒருவர் அழுவதைப் பதிவு செய்து விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலிடம் கொடுத்த ஃப்ரீக் ஆன் எ லீஷிலும் ஒரு குறை. நடுவில் வரும் அர்த்தமில்லாத உளறல். அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு ஒரு பிரதி செய்து வைத்திருக்கிறேன். நண்பர்களுக்கு அதைத்தான் அனுப்புகிறேன்.

என் கேள்வி: கோர்னைப் புதிதாகக் கேட்பவர் எந்தப் பாடலில் தொடங்கவேண்டும்? அவர்கள் வாசிக்கும் நு மெட்டல் என்ற கனத்த ராக் வகையைத் தரமான இசை என்று சொல்லலாமா? வீட்டில் எல்லாரும் இரைச்சல் என்கிறார்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

என் அண்ணன் மகனுக்கும் உன் வயதுதான். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். இந்த மாதிரிப் பட்டியல்களுக்கு நான் பதில் போடுவதில்லை. ஒரு வாரமாக வேறொரு காரணத்துக்காக இதே பாட்டை நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது. நீ செய்த வெட்டு வேலையைப் பிறகு பேசுகிறேன். கொஞ்சம் கோபம் தணியட்டும்.

நு மெட்டல் தரமானதா? தெரியாது. இப்படிக் கேட்டவர் யாரும் கடைசிவரை பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில் இரைச்சல் என்கிறார்களா? இரைச்சல்தான். கதவைச் சாத்திக்கொள். 2005-க்குப் பிறகு ஒன்றுமில்லை என்கிறாய். ஹெட் 2013-இலேயே திரும்பி வந்துவிட்டார், அதையாவது கவனித்தாயா? 2019-இல் வந்த 'த நத்திங்' தொகுப்பை ஓர் இரவு உட்கார்ந்து கேள். முந்தைய ஆண்டு பாடகர் ஜோனதன் டேவிஸின் பிரிந்து வாழ்ந்த மனைவி இறந்திருந்தார். தொகுப்பு பேக்பைப் என்ற ஸ்காட்லாந்துத் துருத்திக் குழலில் தொடங்குகிறது, அது தேயும் இடத்தில் டேவிஸ் விம்முவது கேட்கிறது. பெயரை வைத்து ஓட்டுகிறவர்கள் செய்கிற காரியமா இது? 2011-இல் ஸ்க்ரில்லெக்ஸ் வகையறாவோடு சேர்ந்து செய்த டப்ஸ்டெப் என்ற மின்னணு இசைத் தொகுப்பை நீ திட்டினால் மட்டும் நான் குறுக்கே வரமாட்டேன்.

உன் வரிசையைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நீ பாடல் வரிகளைப் படித்துவிட்டுப் பாட்டைக் கேட்கிறாய். வரிகளைப் பார்த்தால் கோர்னில் ஒன்றும் கிடையாது. கோபம் வந்த பள்ளிக்கூடப் பையன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிற மொழி அது. சொல்வளமே இல்லை. ஆனால் கையை வைத்துக் கேட்டுப் பார். கையை என்றால் கையைத்தான். ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வை.

கோர்ன் பிறந்த பேக்கர்ஸ்ஃபீல்ட் என்ற ஊர் கலிபோர்னியாவில்தான் இருக்கிறது, ஆனால் கடற்கரை கிடையாது. உள்நாடு. எண்ணெய்க் கிணறு, பருத்தி, திராட்சை, வெயில். 1930-களின் புழுதிப் புயலில் ஓக்லஹோமாவை விட்டு ஓடிவந்தவர்கள் குடியேறிய பக்கம் அது. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு கன்ட்ரி இசைப் பாணி உண்டு. பக் ஓவன்ஸ், மெர்ல் ஹாகர்ட் எல்லாம் அதில் வந்தவர்கள். அப்படிப்பட்ட ஊரின் பையன்கள் 1993-இல் சேர்ந்து ஒரு குழு ஆரம்பிக்கிறார்கள். மங்கி, ஹெட் இருவரும் வாசித்தது ஏழு தந்திக் கிட்டார். ஐபனெஸ் நிறுவனம் ஸ்டீவ் வாய்க்காகச் செய்தது. விரல் வித்தை காட்டுகிறவருக்கான கருவி. இவர்கள் அதை வாங்கி, ஏற்கெனவே தாழ்ந்த ஏழாவது தந்தியை இன்னும் தளர்த்தி 'ஏ' சுரத்துக்கு இறக்கிவிட்டார்கள். வித்தையே காட்டவில்லை. தனி ஆவர்த்தனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் அடியில் உறுமினால் மற்றவர் மேலே எங்கோ கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோல இரண்டு சுரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

கிட்டார்கள் இரண்டும் அடித்தளத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் பேஸ் கிட்டார் எங்கே போகும்? இங்கேதான் ஃபீல்டி செய்த வேலை இருக்கிறது. அவர் தந்தியை மீட்டுவதில்லை, அடிக்கிறார். டக் டக் என்று தந்தி கட்டையில் மோதும் சத்தம்தான் முதலில் காதில் விழும். பேஸ் தாளவாத்தியம் ஆகிவிட்டது. டிரம்ஸில் டேவிட் சில்வேரியா இருந்தவரை இரண்டு பேர் தாளம் போடுவதுபோல இருக்கும். 1994-இல் வந்த முதல் தொகுப்பின் முதல் பாட்டு ப்ளைண்ட். தொடக்கத்தில் தனியாக ஒரு சிம்பல் தட்டிக்கொண்டே இருக்கும், ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் வரிகளே இல்லை, நீ இரண்டாம் இடம் கொடுத்திருக்கிறாய். எப்படி? காதுக்குத் தெரிந்திருக்கிறது, உனக்குத்தான் தெரியவில்லை.

இப்போது ஜோனதன் டேவிஸ். பாடகராவதற்கு முன் அவர் கெர்ன் மாவட்டப் பிணப்பரிசோதனை அலுவலகத்தில் உதவியாளர். பிணங்களைப் பதப்படுத்தும் படிப்பும் படித்தவர். இதைத் திகில் கதைபோலச் சொல்கிறவர்கள் உண்டு, அது போகட்டும். எனக்கு முக்கியமானது வேறு. சிறு வயதில் அவர் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானார். பெற்றோரால் அல்ல, வெளியாள் ஒருவரால். போய்ப் பெற்றோரிடம் சொன்னார். பொய் சொல்கிறான், விளையாடுகிறான் என்று நினைத்து அவர்கள் நம்பவில்லை. அதனால்தான் பாட்டின் பெயர் 'டாடி'.

யோசித்துப் பார். அந்தப் பையன் சொற்களில்தான் சொன்னான். சரியான சொற்களில், சரியான ஆட்களிடம். சொல் வேலை செய்யவில்லை. பிறகு பெரியவனாகி மலிபுவில் இண்டிகோ ராஞ்ச் ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் முன்னால் அதைப் பாடுகிறான், நடுவில் உடைந்து அழத் தொடங்குகிறான். தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன் டேப்பை நிறுத்தவில்லை. மற்றவர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை. நிமிடக்கணக்கில் அழுகை. நீ கேட்கிறாய், விற்பது சரியா என்று. இந்தமுறையாவது யாரும் அவனைப் பாதியில் நிறுத்தவில்லையே தம்பி. எனக்கு அது போதும். அந்த அழுகைக்குப் பின் நீண்ட மௌனம், அதற்கும் பின்னால் யாரோ ஓர் ஆணும் பெண்ணும் பழைய காருக்குப் புகைப்போக்கி உதிரிபாகம் பொருத்துவது பற்றிச் சண்டை போடும் ஒலிநாடாத் துண்டு ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்காதே. நீ அவ்வளவு தூரம் கேட்டிருக்கமாட்டாய்.

சரி, வெட்டு.

நீ உளறல் என்று சொல்வது எங்கெல்லாம் வருகிறது என்று கவனித்தாயா? முதல் தொகுப்பில் பால் டங். 1998-இல் ஃப்ரீக் ஆன் எ லீஷ். 2016-இல் ராட்டிங் இன் வெய்ன். இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் ஒருவர் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறார் என்றால் அங்கே அவருக்கு ஏதோ இருக்கிறது. பாட்டு வரிகளில் போய்க்கொண்டே இருக்கும், தாளம் இறுகும், சொல் போதாமல் ஆகும், வாய் மட்டும் மிஞ்சும். உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு. இணையத்தில் அந்தப் பகுதியை எழுத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு தளத்தில் இருப்பது இன்னொன்றில் இல்லை. எழுத முடிந்தால் அவரே எழுதியிருப்பாரே. அர்த்தமில்லை என்கிறாய். உன் பட்டியலில் இருக்கும் எட்டுப் பாட்டிலும் அர்த்தமுள்ள வரிகள் ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் எழுதி அனுப்பு, அந்த அர்த்தத்தின் லட்சணத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். மீசையை எடுத்துவிட்டு முகத்தை வைத்துக்கொண்டேன் என்றால் பரவாயில்லை. நீ வாயை எடுத்துவிட்டு மீசையை வைத்துக்கொண்டிருக்கிறாய்.

1999-இல் நான் கோவையில் விடுதியில் இருந்தேன். என் அறை நண்பனுக்குத் திக்குவாய். சாதாரணத் திக்கல் இல்லை. அவன் பெயரின் முதல் எழுத்தே அவனுக்கு எதிரி. புதிதாக யாராவது பெயர் கேட்டால் அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவான். மெஸ்ஸில் தோசை வேண்டும் என்றால் இட்லி வாங்கிக்கொள்வான், 'தோ' வராது. எங்களில் எவனைவிடவும் நன்றாகப் படிக்கிறவன். அவன் அண்ணன் பெங்களூரிலிருந்து 'ஃபாலோ த லீடர்' காசெட் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரு வாக்மேன், காதுக்கு ஒன்றாக இரண்டு பேர்.

மூன்றாம் ஆண்டு செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த ஒருவர் வாய்மொழிக் கேள்வி கேட்டார். நேர்மின்சாரத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் ஏன் வேலை செய்யாது? ஒன்றாவது படிக்கிற பையன்கூடச் சொல்லிவிடுவான் என்கிற மாதிரிக் கேள்வி. இவன் வாயைத் திறந்தான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் முட்டி நின்றது. சொல் வரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மதிப்பெண் தாளைப் பார்த்தார். 'படிச்சுட்டு வாப்பா' என்றார். எழுதிக் காட்டட்டுமா என்று நான் கேட்டிருக்கலாம், அவனுக்காக. கேட்கவில்லை. அடுத்தது என் முறை, எனக்கு என் பயம்.

அன்றிரவு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இருவரும் பேசவில்லை. வாக்மேனில் ஃப்ரீக் ஆன் எ லீஷ். நீ வெட்டி எறிந்த அந்த இடம் வந்ததும் அவன் எழுந்து நின்றான். முழுவதையும் சொன்னான். ஓர் ஒலி பிசகாமல், மூச்சு வாங்கும் இடம் உட்பட, கடைசிக் கத்தல்வரை. மூன்று ஆண்டில் அவன் வாயிலிருந்து தடையில்லாமல் அவ்வளவு நீளமாக எதுவும் வந்து நான் கேட்டதில்லை. கீழே வார்டன் 'எவன்டா அது' என்று கத்தினார்.

பாடும்போது திக்காது என்பது திக்குவாய்க்காரர்கள் பலருக்கும் உள்ளதுதான், பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அவன் மற்ற வரிகளைப் பாடமாட்டான். பாடினாலும் வாய்க்குள்ளேயே. அந்த இடம் மட்டும்தான் உரக்க. ஏன்டா என்று ஒருமுறை கேட்டேன். பதில் வர நேரமாயிற்று, நான் காத்திருந்தேன். "அதுல... த... த... தப்பா சொல்லவே முடியாதுடா" என்றான்.

போன வாரம் அவனிடமிருந்து குறுஞ்செய்தி. வரும் ஞாயிறு அவன் அப்பாவுக்குச் சதாபிஷேகம். மண்டபத்தில் மைக்கில் நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டுமாம், நீ வந்து பேசு என்கிறான். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அன்றைக்குப் பேசவேண்டிய இடத்தில் பேசாதவனைத்தான் இவன் இன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறான். அதை அவன் மறந்திருக்கலாம். கேட்க எனக்குத் தைரியமில்லை. ஒரு வாரமாகக் காரில் அந்த ஒரே பாட்டுதான் ஓடுகிறது. அந்த நேரத்தில் நீ கத்தரிக்கோலோடு வருகிறாய்.

உன் கேள்வியை மறந்தே போனேன். எதில் தொடங்குவது? 'ட்விஸ்ட்'. 1996-இல் வந்த 'லைஃப் இஸ் பீச்சி'யின் முதல் பாட்டு. ஒரு நிமிடம்கூட ஓடாது. 'ட்விஸ்ட்' என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் பிடிபடாது, மற்றதெல்லாம் உன் கணக்கில் உளறல். முடிந்தால் அதை வெட்டிப் பார், என்ன மிஞ்சுகிறது என்று. பிறகு 'ஷூட்ஸ் அண்ட் லாடர்ஸ்' போடு, குழந்தைப் பாட்டுகளை வைத்தே ஒருவர் எப்படிப் பயமுறுத்துகிறார் என்று தெரியும். பேக்பைப்பும் அதில் உண்டு. உன் வரிசையில் அது இல்லாததை நான் மன்னிக்கவில்லை. 'மேக் மீ பேட்' இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும்.

கைபேசி ஸ்பீக்கரில் கேட்காதே, ஃபீல்டி பாதி காணாமல்போய்விடுவார். நண்பர்களுக்கு அனுப்பிய அந்த மொட்டைப் பிரதியை அழித்துவிட்டு முழுப் பாட்டை அனுப்பு. அனுப்பியதும் எனக்கு ஒரு வரி எழுது.