நினைத்தால் விட்டுவிட முடியாதா?

உளவியல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முதுகலை உளவியல் படிக்கிறேன். நாம் ஒன்றைச் செய்ய முடிவெடுப்பதற்கு முன்பே மூளை அதை முடிவு செய்துவிடுகிறது, ஆகவே சுயவிருப்பம் என்பது வெறும் மாயை என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாக வகுப்பில் ஒரு நண்பர் வாதிட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— மாணவி, திருச்சி

பதில்: உங்கள் நண்பர் மனத்தில் இருப்பது, பெஞ்சமின் லிபெட் சான் பிரான்சிஸ்கோவில் நடத்தி 1983-இல் வெளியிட்ட ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். பங்கேற்றவர்கள், கடிகார முகம் போன்ற வட்டத்தில் சுழலும் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே, எப்போது தோன்றுகிறதோ அப்போது கையை அசைக்க வேண்டும். அசைக்கும் எண்ணம் எழுந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன கணம் அசைவுக்குச் சுமார் 200 மில்லி விநாடிகள் முந்தியிருந்தது. தலையில் பொருத்திய மின்முனைகளோ, 'ஆயத்த மின்னழுத்தம்' எனப்படும் மூளை அலை அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லி விநாடிகளுக்கு முன்பே எழத் தொடங்குவதைக் காட்டின. இடையில் உள்ள மூன்றில் ஒரு விநாடியிலிருந்துதான் இத்தனை ஆண்டு விவாதமும் கிளைத்திருக்கிறது.

லிபெட்டே தம் ஆய்விலிருந்து உங்கள் நண்பர் எடுக்கும் முடிவை எடுக்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். எழுந்த உந்துதலைக் கடைசித் தருணத்தில் தடுத்து நிறுத்தும் ஆற்றல் உணர்வுள்ள மனத்துக்கு உண்டு என்றே அவர் கருதினார். அதைவிட முக்கியமானது, 2012-இல் ஆரன் ஷர்கரும் அவருடைய குழுவினரும் முன்வைத்த விளக்கம். மூளையின் மின்செயல்பாடு எப்போதும் தானாகவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அது ஓர் எல்லையைத் தாண்டும்போது அசைவு நிகழ்கிறது. காற்றில் ஏறி இறங்கும் ஏரித் தண்ணீர், மிகுநீர் வெளியேறும் கலங்கலைத் தாண்டி வழிந்த தருணங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால், ஒவ்வொரு முறையும் நீர் வழிவதற்காகவே படிப்படியாக உயர்ந்ததுபோல் தெரியும் அல்லவா? ஆயத்த மின்னழுத்தமும் பல அசைவுகளின் சராசரியாகவே பெறப்படுகிறது. முன்கூட்டியே எடுத்த முடிவின் அடையாளமாக அதைப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே அவர்கள் வாதம்.

2008-இல் ஜெர்மனியில் ஜான்-டிலன் ஹைன்ஸ் குழுவினர், ஒருவர் இடப்பக்கப் பொத்தானை அழுத்துவாரா வலப்பக்கப் பொத்தானையா என்பதை, அவர் தம் முடிவை உணர்வதற்குப் பல விநாடிகள் முன்பே மூளைப் படங்களிலிருந்து கணித்தார்கள். கணிப்பு சுமார் 60 விழுக்காடே சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 விழுக்காடு சரியாகிவிடும். மூளையில் ஒரு சாய்வு முன்னதாகவே இருந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அதற்குமேல் இதிலிருந்து எதையும் பெற முடியும் என்று நான் நினைக்கவில்லை. எந்தக் காரணமும் தேவைப்படாத ஒரு விரலசைவை வைத்துக்கொண்டு, மேற்படிப்பா வேலையா என்று மூன்று மாதம் யோசித்து எடுக்கும் முடிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதும் பொருந்தாது.

கேள்வி: என் மகனுக்கு 32 வயது. ஆறு ஆண்டுகளாகக் குடிக்கிறான். 'நினைத்தால் விட்டுவிடலாம், அவன் மனசு வைக்கவில்லை' என்கிறார்கள் உறவினர்கள். 'இது மூளை சம்பந்தப்பட்ட நோய், அவன் கையில் இல்லை' என்கிறார் மருத்துவர். முதல் பேச்சைக் கேட்டால் மகன்மீது கோபம் வருகிறது. இரண்டாவதைக் கேட்டால் இருந்த நம்பிக்கையும் போய்விடுகிறது. நான் எதை நம்புவது?
— ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: அம்மா, உளவியலில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஒரு வழக்கை உங்கள் வீட்டுக்குள்ளேயே நீங்கள் சந்தித்துக்கொண்டிருக்கிறீர்கள். மனிதர் செய்வதெல்லாம் அவர் சுயவிருப்பத்தால் என்பது ஒரு கட்சி. முந்தைய காரணங்கள்தாம் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்னும் நியதிவாதம் மறு கட்சி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று எண்ணுவதால்தான் உங்களுக்கு இந்தத் தவிப்பு.

வியட்நாம் போரின்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே இருந்த அமெரிக்க வீரர்களிடையே ஹெராயின் பரவிவிட்டது. அவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அரசு அஞ்சியது. 1971-இல் திரும்பிய வீரர்களில் சுமார் 900 பேரை லீ ராபின்ஸ் என்னும் ஆய்வாளர் பின்தொடர்ந்து விசாரித்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகியிருந்தனர். அப்படி அடிமையானவர்களிலும், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காட்டினர்; மூன்று ஆண்டுகளில் 12 விழுக்காட்டினர். இத்தனைக்கும் பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் பெறவில்லை. மூளை அதே மூளைதான். மாறியது இடம்: மலிவாகக் கிடைத்த சரக்கும், கூடவே பயன்படுத்திய தோழர்களும், ஒவ்வொரு நாளின் அச்சமும் அலுப்பும் பின்னால் போய்விட்டன, எதிரே குடும்பமும் வேலையும் இருந்தன.

இந்தக் கணக்கை அப்படியே குடிக்குப் பொருத்திவிட முடியாது. உங்கள் மகன் குடித்த ஊரிலேயேதான் குடியை விடவும் வேண்டியிருக்கிறது. அவர் பாதை அந்த வீரர்களுடையதைவிடக் கடினமானது. ஆனாலும் உங்கள் கேள்வி இரண்டுக்கும் இதில் பதில் உண்டு. 'மூளையின் நோய்' என்பதால் மாற்றவே முடியாதது என்று ஆகிவிடாது. 'மனசு வைத்தால் போதும்' என்பதும் சரியில்லை, ஏனென்றால் அந்த வீரர்களின் மனத்துக்குத் துணையாக ஒரு புதிய சூழலே வந்து நின்றது. காரணங்கள் உண்டு என்பதைத் தலைவிதி என்று கொள்ளாதீர்கள். தலைவிதி என்றால் நாம் என்ன செய்தாலும் நடப்பது நடந்தே தீரும். காரணம் என்றால் அதை மாற்றினால் விளைவும் மாறும்.

ஆகவே, 'ஏன் குடிக்கிறாய்?' என்று கேட்பதற்குப் பதிலாக, எந்த நாளில், எந்த நேரத்தில், யாருடன், கையில் எவ்வளவு பணம் இருக்கும்போது குடிக்கிறார் என்பதை அவருடனேயே உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். சம்பள நாள் மாலை என்று தெரிந்தால், அந்த ஒரு மாலைக்கு வழி தேடலாம். பீட்டர் கோல்விட்ஸர் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஒரு முறை இங்கே உதவும். 'இனிக் குடிக்க மாட்டேன்' என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, 'சம்பளம் வந்ததும் பணத்தை மனைவி கணக்குக்கு அனுப்பிவிடுவேன். நண்பர் அழைத்தால் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்' என்று சூழலையும் செயலையும் முன்கூட்டியே இணைத்து வைப்பவர்கள் தம் எண்ணத்தை நிறைவேற்றுவது கூடுதல் என்று 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. அந்தத் திட்டத்தை உங்கள் மகனே வகுக்க வேண்டும். சுயவிருப்பம் என்று நான் மதிப்பது இதைத்தான்: தன்னை இழுக்கும் காரணங்களை அறிந்து, அவை இழுக்காத நேரத்தில் எதிர்க்காரணங்களை நட்டு வைக்கும் ஆற்றல்.

இன்னொன்று. தன்னால் இது முடியும் என்ற நம்பிக்கையே ஒருவருடைய நடத்தையைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார். 'இவன் தேறமாட்டான்' என்ற சொல்லும் வீட்டுக்குள் ஒரு காரணமாகிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாள்தோறும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். உயிருக்கே ஆபத்து நேரலாம். உறவினர்களின் பேச்சுக்காக வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த முயல வேண்டாம். மருத்துவர் கண்காணிப்பிலேயே நிறுத்துங்கள்.

கேள்வி: எல்லாச் செயலுக்கும் காரணம் உண்டென்றால் குற்றவாளியைத் தண்டிப்பதில் நியாயம் என்ன? இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் மக்கள் கெட்டுப்போக மாட்டார்களா?
— பணி ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர், சேலம்

பதில்: பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகள், பிரமிபெக்சோல் அவற்றுள் ஒன்று, வாழ்நாளில் சூதாடியிராத சிலரைக்கூட வெறிகொண்டு சூதாட வைத்ததைப் பல நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் அந்த வெறியும் அடங்கிவிடுகிறது. அப்படி மருந்தால் சூதாடிய நோயாளியையும், கணக்குப் போட்டு ஏமாற்றும் மோசடிக்காரரையும் நாம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. இருவர் மூளையிலும் காரணங்கள் உண்டு. ஆனால் மோசடிக்காரர், பிடிபடுவோம் என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்வார். எடுத்துச் சொன்னால் அது அவரிடம் எடுபட வாய்ப்புண்டு. பொறுப்பு என்பதை, விளைவை அறிந்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் இந்த ஆற்றலின் அளவைக் கொண்டு அளப்பதே சரி என்பது என் எண்ணம். தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத மனநிலையில் ஒருவர் செய்ததைக் குற்றமாகக் கொள்ளாத சட்டப் பிரிவு நம் நாட்டில் நெடுங்காலமாக இருப்பதை உங்கள் பணியில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மக்கள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரமாக ஒரு காலத்தில் 2008-ஆம் ஆண்டுச் சோதனை ஒன்று காட்டப்பட்டது. சுயவிருப்பம் மாயை என்ற பகுதியைப் படித்த மாணவர்கள் பிறகு தந்த தேர்வில் கூடுதலாக ஏமாற்றினார்கள் என்றது அது. பிற ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை.