அம்மம்மாவின் கல்வெட்டு

வணக்கம் ஐயா,

எங்கள் அம்மம்மா 91 வயதில் போன கிழமை காலமானா. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்க வேணும். எழுதும் பொறுப்பு என்னிடம். "அன்பின் உருவம், தியாகத்தின் சிகரம்" என்பதற்கு மேல் ஒரு வரியும் வருகுதில்லை. எங்கே தொடங்குவது?

வாசகி, இணுவில்

அன்பின் பிள்ளைக்கு,

உங்கள் துயரில் பங்குகொள்கிறேன்.

அந்த இரண்டு தொடர்களையும் முதலில் எடுத்துவிடுங்கள். பெயரை மாற்றினால் எந்த அம்மம்மாவுக்கும் பொருந்திவிடும். அவர் கை செய்ததை எழுதுங்கள்: விடிய எத்தனை மணிக்கு எழும்பினார், எந்த விரதத்தை விடாமல் பிடித்தார், யாருடைய பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தார், எந்த நகை யாருடைய படிப்புக்கு அடகு போனது. ஒடியற்கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ்) அவர் பெயர் சொல்லுமென்றால் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். "ஒரு சுண்டு மா, ஒரு பிடி பயிற்றங்காய்" என்றுதான் மாமிமார் சொல்வார்கள். அந்தப் பிடியைத் தராசில் வைத்து கிராமில் குறியுங்கள். மாவை எவ்வளவு நேரம் ஊறவைத்து, எத்தனை தரம் நீர் வடித்தார் என்பதும் வேண்டும். கசப்புப் போவது அதிலேதான்.

எட்டுச்செலவுச் சடங்குக்குக் கூடும் முதியவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்காதீர்கள், தடுமாறுவார்கள். 1981இல் யாழ் நூலகம் எரியமுன்னமோ, 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவத்தோடு நடந்த சண்டைக்குப் பிறகோ என்று கேளுங்கள். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலம் தாண்டி யார் வீட்டில் தங்கினார் என்றும் கேளுங்கள். பிறந்த தமிழ் வருடத்தோடு ஆங்கில ஆண்டையும் போடுங்கள். 60 ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பும். பவ வருடம் 1934இலும் வந்தது, 1994இலும் வந்தது.

அதிகம் பிழை வருவது, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவில். வருடம், மாதம், பட்சம், திதி நான்கும் அதில் இருக்கவேண்டும். ஆண்டுத் திவசத்துக்குப் பிள்ளைகள் பார்க்கப்போவது அதைத்தான். உயிர் பிரிந்த மணியையும் நிமிடத்தையும் எழுதி ஐயரிடம் கொடுங்கள். வாக்கிய பஞ்சாங்கத்திலும் திருக்கணித பஞ்சாங்கத்திலும் திதி முடியும் நேரம் வேறுபடும். மரணம் அந்த இடைவெளியில் விழுந்தால் திதியே மாறிவிடும். உங்கள் குடும்பம் எதைப் பின்பற்றுகிறது என்று முதலே கேட்டு, வெண்பா எழுதுபவருக்கும் சொல்லுங்கள். ஓசைக்காகத் திதியை மாற்ற விடாதீர்கள்.

வம்சவரிசையில் "இன்னாரின் மனைவி" என்று மட்டும் நிறுத்தவேண்டாம். அவருடைய தாய், தாயின் தாய், பிறந்த ஊர், கூடப்பிறந்தவர்கள் எல்லாம் வரட்டும். பெண்வழிப் பெயர்கள்தான் இரண்டு தலைமுறையில் தொலைகின்றன. இறந்தவர்களுக்கு "அமரர்" போடுங்கள்.

அச்சகத்துக்கு 20ஆம் நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்கம் நாலின் மடங்காக வரவேண்டும்: 16, 20, 24. வட்ஸ்அப்பில் வந்த படம் அச்சில் மங்கும். மூலப்படத்தையே ஸ்கான் செய்யுங்கள். அச்சுப்படியைத் தாய்வழியில் ஒருவரும் தகப்பன்வழியில் ஒருவரும் பார்க்கட்டும். விடுபட்ட ஒரு பூட்டப்பிள்ளையின் (பேரப்பிள்ளையின் பிள்ளையின்) பெயர் வருடக்கணக்கில் மனத்தாங்கலாக நிற்கும்.

நன்றி நவிலலைக் கடைசியில் எழுதுங்கள். படுக்கையில் அவரைத் துடைத்து, உணவூட்டிப் பார்த்தவர் உறவல்லாதவரென்றாலும் அவர் பெயர் அதில் முதலாவதாக வரட்டும்.