ஸ்டென்ட் பத்து வருஷம்தான் தாங்குமா?

கேள்வி: வயது 56, சர்க்கரை உண்டு. மூன்று வருடம் முன்பு ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பத்து வருடத்தில் அது பழுதாகிவிடும், மாற்ற வேண்டும் என்கிறார்களே, உண்மையா? எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 94, ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய் அடைத்த இடத்தை விரித்துத் தாங்கும் சின்ன உலோக வலைக்குழாய். அதற்குக் காலாவதி தேதி கிடையாது. துருப்பிடிக்காது, நகராது. வைத்த சில மாதங்களில் ரத்தக்குழாயின் உட்புறச் சவ்வு அதன்மேல் வளர்ந்து மூடிவிடும், அப்புறம் அதை எடுத்து மாற்றுவது என்ற பேச்சே இல்லை.

பிரச்சினை வந்தால் இரண்டு விதமாக வரும். ஒன்று, ஸ்டென்ட்டுக்குள் சதை வளர்ந்து மறுபடி குறுகுவது. மருந்து பூசாத பழைய ஸ்டென்ட் காலத்தில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு இப்படி ஆனது, மருந்து பூசியது வந்தபின் பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது, ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். இன்னொன்று, ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைவது. அபூர்வம், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் அட்டாக்குக்குப் பின் வழக்கமாக ஒரு வருடம் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்த்துத் தருகிறோம். அதன்பின் பெரும்பாலும் ஒன்று போதும், ஆனால் அந்த ஒன்று ஆயுளுக்கும். பல் பிடுங்கப் போகிறேன் என்று நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள், இதய டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

உண்மையில் எனக்குக் கவலை ஸ்டென்ட் இருக்கும் அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேல் இல்லை, மீதி ரத்தக்குழாய் மேல்தான். பிற்காலத்தில் வரும் தொந்தரவுகளில் ஏறக்குறைய பாதி, ஸ்டென்ட் வைக்காத இடங்களிலிருந்து வருகிறது. அங்கே காவல் இருப்பது நீங்கள் நிறுத்தலாமா என்று கேட்கும் அதே மாத்திரை! லேப் ரிப்போர்ட்டில் 100-க்குள் நார்மல் என்று அச்சடித்திருப்பது பொதுவாக எல்லோருக்கும். அட்டாக் வந்த உங்களுக்கு 55-க்குக் கீழே வர வேண்டும். இந்த 94-ம் மாத்திரை சாப்பிடுவதால் வந்ததுதான், விட்டால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். நிறுத்துவதல்ல, டோஸைக் கூட்டுவதா, எஸெடிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்ப்பதா என்பதுதான் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

புகை உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் இன்றோடு விடுங்கள்.

சர்க்கரை இருப்பதால் மறுபடி அட்டாக் வந்தாலும் நெஞ்சுவலியே தெரியாமல் போகலாம். காரணமில்லாமல் வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வாயு என்று சோடா குடித்துப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.