ப்ராஜெக்ட் எல்லாம் பின்ட்ரெஸ்ட் போலவே இருக்கிறதா?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு டிசைன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஸ்டூடியோ வகுப்பு எடுக்கிறேன். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த பேக்கேஜிங்’ என்று ப்ராஜெக்ட் கொடுத்தேன். எல்லோரும் பின்ட்ரெஸ்டில் (படங்களைத் தேடிச் சேர்த்து வைக்கும் இணையதளம்) பார்த்ததையே கொஞ்சம் மாற்றிக் கொண்டுவந்தார்கள். ப்ராஜெக்ட் செய்யச் செய்யப் படைப்பாற்றல் வளரும் என்கிறார்களே, எங்கே தவறுகிறது?

பதில்: தலைப்பில்தான். யாருக்கான பேக்கேஜிங், எதை வைக்க, எந்தக் கடையில் விற்க? அதில் ஆளே இல்லை. அப்படியொரு தலைப்பைக் கையில் கொடுத்தால் மாணவர்கள் செல்போனைத் தவிர வேறு எங்கே போவார்கள்?

முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வரையத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். ஸ்ட்ரா கூடாது என்றும் சொன்னார்கள். ஆனால் ஒரு குழுவுக்கு மட்டும் ஸ்ட்ரா வைத்த மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். கூடாது என்று சொன்ன பிறகும் அந்தக் குழுவின் வரைபடங்களில் ஸ்ட்ரா அதிகமாக வந்தது. பார்த்த மாதிரியின் குறைகூட கைக்கு வந்துவிடுகிறது. அதனால் முதல் வாரம் ரெஃபரன்ஸ் படமே வேண்டாம். மூன்றாவது வாரம் பார்க்கட்டும். அப்போது எதைத் தேடுகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

முதல் வாரம் குபேர் மார்க்கெட்டின் மீன் பகுதிக்கு அனுப்புங்கள். ஒரு மாணவருக்கு ஒரு வியாபாரி. கேமராவை எடுக்கும் முன் அனுமதி கேட்கட்டும். முடிந்தால் மீன் வாங்கட்டும். ஒரு மணி நேரம் அருகிலேயே நின்றால் போதும். அரிவாள்மனையைக் காலால் அழுத்திப் பிடித்து மீன்கார அம்மா மீன் வெட்டுகிறார். கையெல்லாம் செதில். அந்த நேரம் பார்த்து, மீன் வாங்கியவர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். ஈரக்கையைப் புடவையில் துடைத்து, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, சில்லறை எண்ணித் தருவதற்குள் அடுத்தவர் அவசரப்படுகிறார். ‘ஈரக்கையோடு சில்லறை கொடுப்பது எப்படி?’ பேக்கேஜிங் என்ற பொதுத் தலைப்புக்குப் பதில் உங்கள் ப்ராஜெக்ட் இதுதான். இதற்கு பின்ட்ரெஸ்டில் விடை இல்லை. தலைப்பு இவ்வளவு குறுகினால் கற்பனைக்கு இடம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். கற்பனைக்குப் பிடிமானம் வேண்டும்.

இரண்டாவது வாரம் ஒரே ஐடியாவைப் பிடித்துக்கொண்டு மெருகேற்ற விடாதீர்கள். ஒவ்வொருவரும் மூன்று மாடல் கொண்டுவரட்டும்; பழைய அட்டைப்பெட்டி, பசை, கத்தரிக்கோல் போதும். மூன்றையும் மேசைமேல் வைத்த பிறகுதான் நீங்கள் கருத்துச் சொல்ல வேண்டும். இணைய விளம்பரங்களை வடிவமைக்கச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொன்றுக்கும் கருத்துக் கேட்டவர்களைவிட, பலவற்றை ஒரே நேரத்தில் செய்து கருத்துக் கேட்டவர்களின் விளம்பரங்கள் வேறுபட்டும் இருந்தன, கூடுதலாக க்ளிக்கும் வாங்கின. ஒன்றே ஒன்று கையில் இருந்தால் அதைக் குறை சொல்வது தன்னையே குறை சொல்வதுபோல் மாணவருக்குத் தோன்றும். மூன்று இருந்தால் ஒப்பிட்டுப் பேசலாம்.

பொருளோடு பழகவும் வையுங்கள். வில்லியனூர் சுடுமண் கலைஞர்களிடம் ஒரு நாள் அழைத்துப் போனால், களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும் என்பதைத் தங்கள் கையால் செய்த மூடி பெட்டியில் பொருந்தாமல் போகும்போது கற்றுக்கொள்வார்கள். ஊருக்குள்ளேயே அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கோண்டே கட்டடம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1937-இல் கட்டுமானம் தொடங்கியது. வெளிச்சுவரில் ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய பட்டைகள். நம் வெயிலும் கடற்காற்றும் ஒரு கட்டடத்துக்கு எப்படி உருவம் தருகின்றன என்பதைத் தெருவில் நின்றே காட்டலாம்.

மதிப்பெண் விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன். கடைசி சப்மிஷனுக்கே எல்லா மார்க்கும் என்றால் மாணவர் அழகான ரெண்டரிங்கில்தான் (பொருள் நிஜம்போலத் தெரியும் படம்) நேரத்தைக் கொட்டுவார். அதில் அவர் தப்பும் இல்லை. அக மதிப்பெண்ணில் பாதியை மார்க்கெட் குறிப்புகளுக்கும், கைவிட்ட மாடல்களுக்கும், ஏன் கைவிட்டார் என்ற விளக்கத்துக்கும் ஒதுக்கி, அதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். குழு வேலையாக இருந்தால் குறிப்பேடு மட்டும் ஆளுக்கு ஒன்று. இல்லாவிட்டால் ஒருவர் உழைக்க நால்வர் மார்க் வாங்குவார்கள்.

ப்ராஜெக்டை மதிப்பிடும் ஜூரிக்கு அந்த மீன்கார அம்மாவையும் அழையுங்கள். வியாபாரம் முடிந்த பிற்பகலில் வைத்து, ஆட்டோச் செலவும் செலவிடும் நேரத்துக்கான தொகையும் கல்லூரி கொடுக்க வேண்டும். மாடலை அவர் ஈரக்கையில் கொடுத்து உண்மையான நோட்டும் சில்லறையும் வைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அதுவரை மாணவர் விளக்கம் எதுவும் சொல்லக்கூடாது.